பெட்டி முதல் பீரோ வரை – சாவி யார் கையில்?

"நகை எங்கே இருக்கு?" என்று கேட்டால் "பீரோவில்" என்று பதில் வரும். "புத்தகம் எங்கே?" என்றால் "அலமாரியில்". தினமும் பத்து தடவை சொல்லும் இந்த இரண்டுமே தமிழ்ச் சொற்கள் இல்லை. அலமாரி போர்ச்சுகீசியர்களிடமிருந்து வந்தது. பீரோ பிரெஞ்சுக்காரர்களின் சொல், அவர்களுக்கு அது எழுதும் மேசை அல்லது அலுவலகம். அந்த பீரோவைப் பூட்டுகிற 'சாவி' கூட போர்ச்சுகீசியம்தான்!

அப்படியானால் கப்பலில் அவர்கள் வந்து இறங்கும் வரை தமிழன் எதையும் பூட்டி வைக்கவில்லையா? வைத்தான். பெட்டி, பேழை, பெட்டகம், குதிர், பத்தாயம் என்று அதற்கு நிறையப் பெயர்கள் இருந்தன. சாவிக்குப் பதில் திறவுகோல் இருந்தது. இந்தச் சாமான்களின் கதை வெறும் மரவேலைக் கதை இல்லை. வீட்டில் என்ன சொத்து இருந்தது, அது யார் பொறுப்பில் இருந்தது என்ற கதை.

நெல்லுக்கு ஒரு அறை

பணம் புழங்காத காலத்தில் சொத்து என்றால் நெல். அதைச் சேமிக்க மண்ணால் செய்தது குதிர், மரப்பலகையால் செய்தது பத்தாயம். தஞ்சை மாவட்டத்துப் பெரிய வீடுகளில் பத்தாயம் ஒரு சின்ன அறை அளவுக்கே இருக்கும். பலகைகளை ஒன்றோடொன்று கோத்து வீட்டுக்குள்ளேயே நிறுத்துவார்கள். மேலே திறந்து நெல்லைக் கொட்டுவார்கள், கீழே இருக்கும் சின்னக் கதவு வழியாக எடுப்பார்கள். வணிகவியல் மாணவர்கள் சரக்குக் கணக்கில் படிக்கும் 'முதலில் வந்தது முதலில் போகும்' முறை இதுதான். பழைய நெல் அடியில் தங்கி வீணாகாமல் இருக்க, பாடப்புத்தகம் வருவதற்கு முன்பே தச்சர் கண்டுபிடித்த வழி.

"எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். கடன்காரனுக்குப் பயந்து ஒரு ஆள் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு அந்தச் சாமான் பெரியது, வருடக் கடைசியில் அது காலியாகவும் இருந்திருக்கிறது என்று இரண்டு செய்திகள் அதில் இருக்கின்றன.

1960களின் பிற்பகுதியில் குட்டை ரக நெல் வந்தது. 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கப்பட்டது. அறுத்த நெல்லைக் களத்திலிருந்து நேராக விற்றுக் காசாக்கும் பழக்கம் பரவியது. வீட்டில் நெல் தங்காதபோது பத்தாயத்துக்கு வேலை இல்லை. பல இடங்களில் அதைப் பிரித்துக் கதவும் பலகையும் செய்துவிட்டார்கள்.

பெட்டகமும் தேக்கும்

நகை, பட்டுத்துணி, பத்திரம் இவற்றுக்குப் பெட்டகம். கனமான பலகை, மூலைகளில் பித்தளைப் பட்டை, இரண்டு பக்கமும் தூக்கக் கைப்பிடி, உள்ளே ஒரு ஓரத்தில் சின்ன அறை. சிலவற்றில் அந்த அறைக்கும் அடியில் வெளியே தெரியாத இன்னொரு அறை! இலங்கையில் டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் (யாழ்ப்பாணத்தை அவர்கள் பிடித்தது 1658-ல்) இந்த வகைப் பெட்டிகள் நிறைய செய்யப்பட்டன. சிங்களத்திலும் அதற்குப் பெயர் 'பெட்டகம'தான்.

மரங்களில் ராஜா தேக்கு. அதில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, கறையான் சுலபத்தில் அண்டாது. 1852 போருக்குப் பிறகு கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை விரிந்தது. விவசாயிகளுக்குக் கடன் கொடுக்க நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அங்கே போனார்கள். வட்டியில் வந்த லாபம் பர்மா தேக்காகச் செட்டிநாட்டு வீடுகளுக்கு வந்து தூணாகவும் கதவாகவும் பெட்டியாகவும் நின்றது.

இவ்வளவு பணம் இருந்தும் ஏன் பெட்டியில் பூட்ட வேண்டும், வங்கியில் போடக்கூடாதா? போட்டவர்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். 1906 அக்டோபரில் சென்னையின் பெரிய நிறுவனமான அர்பத்நாட் கம்பெனி திவாலானது. வாழ்நாள் சேமிப்பை அங்கே போட்டிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அந்த அடியிலிருந்து பிறந்ததுதான் 1907-ல் தொடங்கிய இந்தியன் வங்கி. ஆனாலும் சாதாரண குடும்பங்களுக்கு 'வீட்டுப் பெட்டி திவாலாகாது' என்ற எண்ணம் போக வெகுகாலம் ஆனது. கடைகளில் முதலாளி பக்கத்திலேயே இருந்த கல்லாப்பெட்டியும் அந்த நம்பிக்கையின் சின்ன வடிவம்தான்.

பெட்டிக்குள் ஒரு உரிமை

இந்தக் கதையின் முக்கியமான பகுதி இனிமேல்தான். பழைய கூட்டுக் குடும்பத்தில் நிலமும் வீடும் ஆண்கள் பெயரில். பெண்ணுக்கு 'இது என்னுடையது' என்று சொல்ல முடிந்தது பெரும்பாலும் அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த பெட்டியும் அதற்குள் இருந்ததும் மட்டுமே. செட்டிநாட்டு வீடுகளில் நடு வளவைச் சுற்றி, கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை உண்டு. அந்தச் சின்ன அறையில் மருமகளின் சீர்ச் சாமான்கள் பூட்டியிருக்கும். மாமியாரின் இடுப்பில் வீட்டுச் சாவிக்கொத்து, மருமகளிடம் தன் பெட்டியின் ஒரே ஒரு சாவி.

அந்த ஒரு சாவியும் பல வீடுகளில் நிலைக்கவில்லை. "பத்திரமாக இருக்கட்டும்" என்று மாமியார் வாங்கி வைத்துக்கொள்வதும், கணவனுக்குத் தொழிலில் நஷ்டம் வந்தால் பெட்டி திறக்கப்படுவதும் சகஜம். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணின் சொத்தை அவளுடைய முழு உரிமையாக்கியது. சீதனம் மனைவிக்கே சொந்தம், கணவன் வீட்டார் அதைத் தர மறுத்தால் குற்ற வழக்கு போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 1985-ல் பிரதிபா ராணி வழக்கில் சொன்னது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-ல் கொண்டு வந்ததை, நாடு முழுவதும் 2005-ல் சட்டமாக்கினார்கள். ஒரு பெட்டியின் அளவுக்குள் அடங்கியிருந்த உரிமை வீடு, நிலம் என்று விரிய இத்தனை வருடங்கள் ஆகியிருக்கின்றன.

பாடிக்கு வந்த இரும்பு

சென்னையின் மேற்கே இருக்கும் பாடி, திருவலிதாயம் என்று தேவாரத்தில் பெயர் பெற்ற பழைய ஊர். 1960களின் தொடக்கத்தில் அங்கே லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை. பல மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் சின்னச் சின்ன வாடகை போர்ஷன்களில் குடியேறினார்கள்.

அந்த ஒற்றை அறையில் பத்தாயத்துக்கு இடம் ஏது? நாலு பேர் தூக்க வேண்டிய தேக்குப் பெட்டியை வீடு மாறும்போதெல்லாம் சுமக்க முடியுமா? ஊரிலிருந்து வந்தது ஒரு டிரங்குப் பெட்டி, அது கட்டிலுக்கு அடியில் போனது. கொஞ்சம் காசு சேர்ந்ததும் வாங்கியது இரும்பு பீரோ. 1897-ல் பம்பாயில் பூட்டு செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் 1923-லேயே இரும்பு பீரோ செய்ய ஆரம்பித்துவிட்டது. பிறகு உள்ளூர்ப் பட்டறைகளும் செய்தன. எந்தப் பட்டறையில் செய்தாலும் ஜனங்களுக்கு அது 'கோத்ரெஜ் பீரோ'தான்.

மரப்பெட்டி படுத்திருந்தது, பீரோ நின்றது. தரையில் பிடிக்கும் இடம் குறைவு. கறையான் பயம் கிடையாது. கதவில் முகம் பார்க்கும் கண்ணாடி, உள்ளே ஒரு லாக்கர். சம்பளக் கவர், ரேஷன் கார்டு, பிராவிடண்ட் ஃபண்ட் காகிதம், கல்யாணப் புடவை எல்லாம் ஒரே கதவுக்குப் பின்னால். சாவி பெரும்பாலும் பீரோ மேலேயே இருக்கும்! மாமியார் கொத்து, மருமகள் சாவி என்ற வித்தியாசம் சின்னக் குடும்பத்தில் மங்கிப் போனது.

தேய்மானம் யாருக்கு?

கணக்குப் பதிவியலில் மரச்சாமானுக்கு வருடா வருடம் தேய்மானம் போடுவோம். 2013 கம்பெனிகள் சட்டப்படி சாதாரண மரச்சாமானின் ஆயுள் 10 வருடம். ஆனால் நூறு வருடத்துப் பெட்டிக்கு இந்தக் கணக்கு தலைகீழ். ஏட்டில் மதிப்பு பூஜ்யம், சந்தையில் விலை ஏறிக்கொண்டே போகும்.

1930களின் பொருளாதார மந்தமும், 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் செட்டிநாட்டுக் குடும்பங்களை உலுக்கின. வீட்டை விற்க எல்லாப் பங்காளிகளும் கையெழுத்து போட வேண்டும். ஒரு பெட்டியையோ கதவையோ வெளியே எடுத்துப் போக அவ்வளவு பேர் வேண்டாம். அதனால் வீடுகள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருப்பதன் பின்னணி இதுதான். 1972-ல் வந்த தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடம் தாண்டிய கலை, வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக்கூடாது. உள்நாட்டில் கைமாறுவதை அந்தச் சட்டம் நிறுத்துவதில்லை.

வாங்குகிறவருக்குக் கிடைப்பது மரம், பித்தளை, வேலைப்பாடு. அது எந்தப் பெண்ணோடு எந்த ஊரிலிருந்து வந்தது, அவள் அதில் என்ன வைத்திருந்தாள், சாவி கடைசி வரை அவளிடம் இருந்ததா என்பது ரசீதில் வராது. பரணில் ஒரு பழைய பெட்டி கிடந்தால், விற்பதா வேண்டாமா என்பது அவரவர் வசதி. ஆனால் அது யாருடைய பெட்டி என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, மூடியின் உள்பக்கம் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டி வைக்கலாம். பதில் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.