கண்டி மன்னனும் கடல்வழித் துணைவரும்



திருகோணமலைச் சுவாமிமலைப் பாறையின்மேல் நிற்போர்க்கு ஒருபால் திறந்த கடலும் மற்றொருபால் கொட்டியாரக் குடாவும் தோன்றும். இத்துறையை விரும்பாத கடல் வல்லரசு இல்லை. இதன்பொருட்டு நண்பராகிப் பின் பகைவரானோருள், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தக் கம்பனியாரும் நம் சிந்தனைக்கு உரியவர்.

1624 இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களாலேயே இங்குக் கோட்டை கட்டினான். 1628 இல் மட்டக்களப்பிலும் ஒரு கோட்டை எழுந்தது. மலைநாட்டு அரசுக்கு எஞ்சியிருந்த கடல்வாயில்கள் இரண்டும் இவ்வாறு அடைபட்டன. 1638 மார்ச்சில் கன்னொறுவையில் இராஜசிங்கன் போர்த்துக்கேயப் படையை அழித்தான். ஆனால் தரையில் வென்றவனிடம் கப்பல் இல்லை. கடல்வழி உதவி வரும்வரை கரையோரக் கோட்டைகள் வீழா. ஒல்லாந்தரிடம் கப்பல் உண்டு. கறுவா விளையும் நிலம் இல்லை. இவ்விரு குறைகளே அந்நட்பின் வித்து.

அதே ஆண்டு மே மாதத்தில் மட்டக்களப்புக் கோட்டை வீழ்ந்ததும், தளபதி வெஸ்டர்வோல்டும் மன்னனும் உடன்படிக்கை செய்தனர். போர்ச் செலவைக் கறுவா, மிளகு முதலிய பண்டங்களாக மன்னன் தருதல் வேண்டும். கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவல் இருப்பர். ஆனால் எவ்வாறு? போர்த்துக்கேய மொழியில் அமைந்த படியில், ‘மன்னன் விரும்பினால்’ என்னும் கருத்துடைய சொற்கள் இருந்தன. ஒல்லாந்தப் படியில் அவை இல்லை. (பகைவனின் மொழியிலேயே பகைவனுக்கு எதிரான உடன்படிக்கை எழுதப்பட்ட விந்தையையும் பாருங்கள்.)

1639 இல் திருகோணமலையும், 1640 இல் காலியும் வீழ்ந்தன. இங்கேதான் உண்மை வெளிப்பட்டது. கீழ்க்கரைக் கோட்டைகளை ஒல்லாந்தர் மன்னனிடம் ஒப்படைத்தனர். அவன் அவற்றை இடித்துத் தள்ளினான். கறுவா நாட்டின் வாயிலான காலியை மட்டும் கொடுத்தாரில்லை. செலவுக் கணக்குத் தீரவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். தீராதபடியே கணக்கு எழுதப்பட்டது என்பது என் கருத்து.

இதற்கிடையே ஐரோப்பாவில் காற்று மாறியது. 1640 இல் ஸ்பானிய முடியினின்றும் போர்த்துக்கல் பிரிந்தது. ஸ்பெயின் ஒல்லாந்தர்க்கும் பகை. ஆகவே 1641 இல் பத்தாண்டுப் போர் ஓய்வு பிறந்தது. கண்டியின் துணைவன் கண்டியின் பகைவனோடு கைகுலுக்கினான். 1645 இல் மன்னனும் ஒல்லாந்தரும் தமக்குள்ளேயே பொருதனர். 1652 இல் போர்த்துக்கேயரோடு போர் மீண்டதும் பழைய நட்புத் துளிர்த்தது. 1656 மே மாதத்தில் கொழும்பு சரணடைந்தபோது, ஒல்லாந்தர் மன்னனின் ஆட்களுக்குக் கோட்டைக் கதவைச் சாத்தினர். சினந்த மன்னன் சுற்றுப்புறக் கிராமங்களைப் பாழாக்கி, மக்களை மலைநாட்டுக்குக் கொண்டுசென்றான். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் கூறுவர்.

இதனைத் துரோகம் என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஆனால் போர்த்துக்கேயர் இருந்தவரை இருவர்க்கும் இலக்கு ஒன்றாகத் தோன்றியது. அவர் அகன்றதும், இருவரும் நாடியது ஒரே கரையை என்பது புலனாயிற்று.

மன்னன் அதன்பின் அந்நியரை ஐயுற்றான். 1660 இல் கொட்டியாரத்தில் இறங்கிய ஆங்கிலேயரைச் சிறைபிடித்தான்; அவருள் ஒருவனான ரொபேட் நொக்ஸ் 19 ஆண்டுகள் கழித்தே தப்பினான். ஆயினும் பகைவனின் பகைவனை நாடும் ஆசை விட்டதா? 1672 இல் தெ லா ஹே என்னும் பிரெஞ்சுத் தளபதி குடாவுக்குள் வந்தபோது மன்னன் வரவேற்றான். சில மாதங்களில் வான் கூன்ஸின் ஒல்லாந்தக் கடற்படை பிரெஞ்சுக்காரரை அகற்றியது.

நூறாண்டுகளுக்குப் பின்னும் கண்டி அரசு பாடத்தை மறக்கவில்லை. 1762 இல் ஆங்கிலத் தூதுவர் பைபஸ் கண்டிக்கு வந்து பேசிச் சென்றார். உதவி ஒன்றும் வரவில்லை. 1782 சனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பறித்தபின், ஹியூ பொயிட் என்பவர் நட்புக் கேட்டு மலையேறினார். அரசவை அந்தப் பழைய புறக்கணிப்பை எடுத்துக்காட்டி, உடன்படிக்கைக்கு இணங்க மறுத்தது. பொயிட் வெறுங்கையுடன் திரும்பினார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம், பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் திருகோணமலைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார்.