தவணைக் கதை

சத்திரம் என்று பேர் வைத்த ஊருக்கு வந்து தங்க ஆள் இல்லாமலா போகும்? சுங்குவார்சத்திரத்தில் இன்று தங்குகிறவர்கள் யாத்திரிகர்கள் அல்ல. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்க்கும் பிள்ளைகள். காஞ்சிபுரம் போகும் வழியில் அங்கே ஒரு டீக்கடையில் அப்படி ஒரு பெண்ணைச் சந்தித்தேன். டெலிவிஷன் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. தபால் வழியில் பி.ஏ. தமிழ். நான் கதை எழுதுகிற ஆசாமி என்று கடைக்காரர் சொல்லி வைத்துவிட்டார்.

“நாவல், படக்கதை, டி.வி. சீரியல் மூணையும் ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதணும் சார். நாவல் சரி. சீரியல் பார்க்கிறதையெல்லாம் எழுதினா சிரிக்க மாட்டாங்களா?” என்று கேட்டாள்.

நான் காலேஜில் இரண்டு வருஷத்தோடு நின்றவன். பேராசிரியர்கள் எதற்குச் சிரிப்பார்கள் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் கதைத் தொழிலின் சரித்திரம் கொஞ்சம் தெரியும். அவளிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

இன்று நாம் மதிக்கும் நாவல்களில் பல, புஸ்தகமாகப் பிறந்தவை அல்ல. ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’ என்ற மாதப் பத்திரிகையில் வந்தது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. சீமையிலும் இதே வழக்கந்தான். டிக்கன்ஸ் தமது ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலை 1836, 1837-இல் படங்களோடு மாதத் தவணையாகவே வெளியிட்டார்.

பொன்னியின் செல்வனுக்கு மணியம் படம் போட்டார். வந்தியத்தேவனை வாசகர்கள் எழுத்தில் அறிந்தது பாதி, மணியத்தின் கோட்டில் அறிந்தது பாதி. அத்தியாயம் முடிகிற இடத்தில் யாருக்காவது ஆபத்து வந்திருக்கும். ஒரு வாரம் பொறுக்க வேண்டும். அந்த ஒரு வாரத்தில் வீட்டிலும் ஆபீஸிலும் நடந்த வாதப் பிரதிவாதமும் அந்த நாவலைச் சேர்ந்ததுதான். புஸ்தகமானபோது காத்திருப்பு போயிற்று. பல பதிப்புகளில் படமும் போயிற்று. மிச்சம் இருப்பதைத்தான் வகுப்பில் பிரித்து வைத்துக்கொண்டு ஆராய்கிறோம்.

படக்கதையைப் பாருங்கள். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு புறப்பட்டது. மாயாவிக்குப் பூர்வீகம் இங்கிலாந்து. 1962 முதல் ‘வேலியன்ட்’ என்ற வாரப் பத்திரிகையில், வாரத்துக்குச் சில பக்கமாக வளர்ந்தவன். தமிழில் அந்தத் தவணைகளை ஒட்டி முழுப் புஸ்தகமாகக் கொடுத்தார்கள். சலூன் பெஞ்சில் உட்கார்ந்து படித்த சிறு வயதில், இந்த மனுஷனுக்கு மட்டும் ஏன் சில பக்கத்துக்கு ஒரு கண்டம் வருகிறது என்று வியந்திருக்கிறேன். ஜாதகக் கோளாறு அல்ல, ஒட்டுப் போட்ட தையல்தான் அது என்று பிற்பாடு புரிந்தது.

டெலிவிஷன் நிலையம் சென்னையில் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. என் தலைமுறைக்கு அது நிஜமாக வந்து சேர்ந்தது 1987 ஜனவரியில், ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ தொடரோடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுத்த வீட்டுக் கூடத்தில் தரையெல்லாம் தலை. இந்தி ஒருவருக்கும் தெரியாது. கதை எல்லோருக்கும் தெரியும். ராமன் ஜெயிப்பான் என்று தெரிந்தும் அடுத்த ஞாயிறு வரை தவித்தோம். என்ன நடக்கும் என்பதைவிட எங்கே நிறுத்துகிறார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அன்று கற்ற அந்தப் பாடம் இன்றும் எனக்குச் சோறு போடுகிறது. 1999-இல் ‘சித்தி’ தொடங்கியபோது தவணை அநேகமாக நாள்தோறும் என்று ஆகியிருந்தது.

இதையெல்லாம் கல்லூரியில் ஆராயலாமா? வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள். இலங்கையில் ‘தினகரன்’ நாளிதழின் ஆசிரியராக இருந்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர் கைலாசபதி. 1968-இல் வந்த ‘தமிழ் நாவல் இலக்கியம்’ என்ற நூலில், நாவலை அது பிறந்த சமூகத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். ரிச்சர்ட் ஹாகர்ட் 1964-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், ஜனங்கள் அன்றாடம் படிப்பதையும் பார்ப்பதையும் ஆராய ஒரு மையமே தொடங்கினார். இதனால் சீரியல் மகாகாவியம் ஆகிவிடவில்லை. மட்டமான சீரியல் மட்டமானதுதான். மட்டமான நாவலும் அப்படியே. ஆனால் ஒரு கதை யாருக்காக, எந்த வேளையில், எந்தக் கட்டாயத்தில் உண்டாகிறது என்று கேட்கும் வழக்கம் வகுப்புக்குள் வந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: “எங்க ரூம்ல ஆறு பேர் சார். நைட் ஷிப்டு போறவ சீரியலைப் பார்க்க முடியாது. காலையில வந்ததும் இன்னொருத்தி கதை சொல்லுவா. சில நாள் பார்க்கிறதைவிட அவ சொல்றது நல்லா இருக்கும்.”

“அதை எழுது அம்மா. ஐம்பதுகளில் கல்கி பத்திரிகையை ஒருவர் வாசிக்க வீடே கேட்டதற்கு அடுத்த அத்தியாயம் அதுதான்” என்றேன்.

“மார்க் போடுவாங்களா சார்?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கம்பெனி பஸ் வந்துவிட்டது. தான் பூட்டும் பெட்டிக்குள் ஓடும் கதையைப் பற்றிப் பேச அவளைவிட அருகதை உள்ளவர் யார் என்று பரீட்சைத் தாள் திருத்துகிறவர் ஒரு நிமிஷம் யோசித்தால் போதும்.