வாசலில் பிறந்த கணக்கு

சாலையோரம் ஆளை உட்காரவைத்து எண்ணினால் இன்று ஓடும் வண்டிகள் தெரியும். இன்னும் போடாத சாலையில் இருபது ஆண்டு கழித்து எத்தனை ஓடும்? இந்தக் கேள்வியில் பிறந்ததுதான் போக்குவரத்து முன்கணிப்பு.

1950களில் அமெரிக்க நகரங்களில் கார்கள் பெருகின. 1953இல் டிட்ராய்ட் நகரப் போக்குவரத்து ஆய்வை நடத்தத் தொடங்கிய ஜே. டக்ளஸ் கேரல், 1955இல் சிகாகோ ஆய்வுக்குத் தலைமையேற்றார். அவர் குழுவினர் 1956இல் வீடு வீடாகப் போனார்கள். வீட்டில் இருப்பவர்கள் எங்கிருந்து எங்கே போனார்கள், எதற்காக, எதில் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பயணத்தின் வேர் வீட்டிலும் ஆலையிலும் கடைவீதியிலும் இருக்கிறது. எந்த நிலம் எதற்குப் பயன்படுகிறது என்று தெரிந்தால் பயணமும் பிடிபடும் என்பது அவர்கள் எண்ணம்.

சேர்ந்த விவரங்களைக் கண்ணால் பார்க்க ‘கார்ட்டோகிராஃபட்ரான்’ என்றொரு கருவியைப் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு பயணமும் ஃபிலிமில் ஓர் ஒளிக்கோடாக விழுந்தது. கோடுகள் சேரச் சேர, ஊரின் நடமாட்டமே வெளிச்சமாகத் தெரிந்தது.

பிறகு 1980ஆம் ஆண்டுக்கான கணக்கு. எந்தப் பகுதியில் எத்தனை பயணம் கிளம்பும், அவை எங்கே போகும், காரிலா ரயிலிலா பஸ்ஸிலா, எந்த வழியில் என்று நான்கு கேள்விகள். கடைசிக் கேள்வி கைக்கணக்குக்கு அடங்காதது. எட்வர்ட் மூர் வகுத்த, மிகக் குறுகிய வழியைக் காணும் முறையும் கணினியும் அதற்குக் கைகொடுத்தன. 1962இல் வந்த அமெரிக்கச் சட்டம், 50,000 பேருக்கு மேல் வாழும் நகர்ப்பகுதிகள் சாலை நிதி பெறத் தொடர்ச்சியான போக்குவரத்துத் திட்டமிடலைக் கட்டாயமாக்கியது. அந்த நான்கு கேள்விகளும் நான்கு படிகளாக உலகெங்கும் பரவின.

கூடவே ஒரு குறையும் பரவியது. சாலை வந்தாலும் வராவிட்டாலும் பயணங்களின் எண்ணிக்கை மாறாது என்றே பல கணக்குகள் எடுத்துக்கொண்டன. நல்ல சாலை வந்தால் மனிதர்கள் மாறிவிடுகிறார்கள்: பக்கத்துக் கடைக்குப் போனவர் தூரத்துக் கடைக்குப் போகிறார், ரயிலில் போனவர் காரை எடுக்கிறார். லண்டனைச் சுற்றி 1986இல் முழுமையடைந்த எம்25 சாலை சில ஆண்டுகளிலேயே நெரிசலுக்குப் பேர்போனது. புதிய சாலைகள் புதிய போக்குவரத்தை உண்டாக்கும் என்று பிரிட்டிஷ் அரசின் ஆலோசனைக் குழு 1994இல் அறிக்கையாகவே எழுதியது.

நேற்று எங்கே போனீர்கள் என்று வாசலில் கேட்டுப் பிறந்த கணக்கு இது. சாலையை அகலப்படுத்தும் முன் அதே வாசலில் இன்னொன்றும் கேட்டாக வேண்டும்: இந்தச் சாலை வந்துவிட்டால், இப்போது போகாத எந்த இடத்துக்கெல்லாம் போவீர்கள்?