மடியும் சோர்வும்

படிப்பில் மனம் செல்லாது தளர்ந்திருக்கும் மாணவரை மடியர் என்று சொல்லிவிடுதல் எளிது. ஆயின், மடி வேறு, சோர்வு வேறு. முன்னது முயலாமையால் வருவது. பின்னது ஓயாது முயன்றதால் வருவது. குறளின் 'மருந்து' அதிகாரத்திற்கு உரை கண்ட பரிமேலழகர், உணவேயன்றிச் செயலும் அளவு மிகின் நோய் செய்யும் என்று கொண்டார்.

மலேசியத் தமிழ் மாணவர் சுமந்த தேர்வுகளின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த ஜொகூர்த் தெப்ராவ் போன்ற வட்டாரங்களில், 1964 வரை, ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வில் தவறிய சிறுவர்க்கு மேற்படிப்பு அரிதாயிருந்தது. 1965இல் அத்தடை நீங்கியது. எனினும், பயிற்றுமொழி மாறுவதன் பொருட்டுத் தமிழ்ப்பள்ளி மாணவர் பலர் புகுமுக வகுப்பில் ஓராண்டு மிகுதியாகக் கழிக்க நேர்ந்தது. அதன்பின் மூன்றாம் படிவத்திலும் ஐந்தாம் படிவத்திலும் அரசுத் தேர்வுகள். 1988இல் ஆறாம் ஆண்டிற்கு யூ.பி.எஸ்.ஆர். தேர்வும் வந்தது. அத்தேர்வு 2021இலும், மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்டன.

தேர்வுகள் நீங்கினும், சோர்வைக் கண்டறியும் பொறுப்பு ஆசிரியரை விட்டு நீங்கவில்லை. உறங்கி எழுந்தும் தீராத களைப்பு, விரும்பிய பாடத்திலும் வெறுப்பு, எவ்வளவு படித்தும் பயனில்லை என்னும் எண்ணம் ஆகிய மூன்றும் ஒருங்கே நீடிப்பின் அது மடியன்று. 1974இல் அமெரிக்க உளநூலறிஞர் ஃபிராய்டன்பர்கர் இலவச மருத்துவமனைத் தொண்டரிடம் கண்டு எழுதிய சோர்வு, மாணவரிடத்தும் உண்டு. மடியரைத் தூண்டலாம், சோர்ந்தவரைத் தூண்டினால் சுமையே மிகும். அவர்க்கு வேண்டுவன போதிய உறக்கம், சிறிது சிறிதாக வகுத்த பாடம், மாலையில் விளையாட்டு, கடிந்துகொள்ளாது கேட்கும் ஆசிரியர் ஒருவர். அதற்கும் தேறாதாரை மருத்துவரிடம் அனுப்புதல் கடமை.