மரச்சுவர் தரும் சேமிப்பு



எங்கள் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு 'என் வீடு' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவி, தன் வீடு கல்வீடு என்றும் அதற்கு வெள்ளைச் சுவர் என்றும் எழுதியிருந்தாள். அவள் குடும்பம் குடியிருப்பதோ பலகை வீட்டில். அது எனக்கும் தெரியும், வகுப்பில் இருந்த மற்றப் பிள்ளைகளுக்கும் தெரியும். தனியே அழைத்து ஏன் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "பலகை வீடுன்னா சிரிப்பாங்க, சார்" என்றாள்.

அன்று நான் சொன்ன ஆறுதல் அந்தப் பிள்ளைக்குப் போதவில்லை. மரவீடு என்றால் ஏழையின் வீடு, கல்வீடு என்றால் முன்னேறியவனின் வீடு என்ற எண்ணம் நம் எல்லாருடைய மனத்திலும் ஊறிக் கிடக்கிறது. அது சரிதானா என்பதை வரலாற்றைக் கொண்டு பார்ப்போம். அதற்காகக் குளிர்நாடுகளில் மரத்தைப் பலகையாக அறுக்காமல், முழு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டும் வீடுகளின் கதையை இன்று சொல்லப்போகிறேன். அவற்றை முழுமர வீடுகள் என்று அழைப்போம்.

கதை போலந்து நாட்டில் தொடங்குகிறது. அங்கே பிஸ்குபின் என்று ஒரு சிற்றூர் உண்டு. 1933ஆம் ஆண்டு, ஏரி நீர் வற்றியிருந்த காலத்தில், கரையோரச் சேற்றில் மரக்கட்டைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. அவை சாதாரணக் கட்டைகள் அல்ல என்று உணர்ந்து அறிஞர்களுக்குத் தெரிவித்தவர் யார் தெரியுமா? வாலெண்டி ஷ்வைட்செர் என்ற கிராமப் பள்ளி ஆசிரியர்! ஆசிரியர் தொழிலில் இருப்பவன் என்பதால் இதைச் சொல்வதில் எனக்குச் சற்றுப் பெருமைதான்.

அடுத்த ஆண்டே அகழாய்வு தொடங்கியது. சேற்றுக்கடியில் ஓர் ஊரே புதைந்து கிடந்தது. மரம் பாவிய தெருக்கள், அவற்றின் ஓரமாக ஒட்டி ஒட்டிக் கட்டப்பட்ட ஏறத்தாழ நூறு வீடுகள். நம் தோட்டத்து லயங்களைப் போலவே வரிசை வரிசையாக! நட்டு நிறுத்திய தூண்களில் பள்ளம் செதுக்கி, அதில் மரங்களைக் கிடையாகச் செருகிச் சுவர் எழுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கல் பாவிய அடுப்பு ஒன்று இருந்தது.

மரத்தின் உள்ளே ஆண்டுக்கு ஒரு வளையம் உண்டாகும் என்பது நமக்குத் தெரியும். அந்த வளையங்களை எண்ணியும் ஒப்பிட்டும் பார்த்த அறிஞர்கள், அங்கிருந்த மரங்களில் பாதிக்கு மேற்பட்டவை கி.மு. 738க்கும் 737க்கும் இடைப்பட்ட குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை என்று கண்டார்கள். காற்றுப் புகாத சேறு அவற்றை 2,600 ஆண்டுகளுக்கு மேலாகக் காத்து வைத்திருந்தது.

சேற்றில் புதைந்தால்தான் மரம் நிலைக்குமா என்று நீங்கள் கேட்கலாம். ரஷ்யாவின் வடபகுதியில் ஓனேகா ஏரியின் நடுவே கீஷி என்ற தீவு இருக்கிறது. அங்கே 1714ஆம் ஆண்டு கட்டப்பட்ட மரத்தேவாலயம் ஒன்று 22 குவிமாடங்களோடு ஏறத்தாழ 37 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது. பைன் மரத்தடிகளின் முனைகளைச் செதுக்கி, ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும்படி அடுக்கி எழுப்பிய சுவர்கள் அவை. முந்நூறு ஆண்டுப் பனியையும் மழையையும் தாங்கிய அந்தக் கட்டடத்தை அண்மையில் பழுது பார்த்தபோது, கெட்டுப்போன மரங்களை மட்டும் மாற்றி, நல்ல மரங்களை மீண்டும் அதனதன் இடத்திலேயே வைத்தார்கள். 1990இல் அது உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

இந்தக் கலை கடலையும் கடந்தது. 1638இல் சுவீடன் நாட்டார் வட அமெரிக்காவின் டெலவேர் ஆற்றோரம் குடியேறினார்கள். பின்லாந்துக்காரர்களும் அவர்களோடு சேர்ந்து வந்தார்கள். கோடரி ஒன்று கையில் இருந்தால் போதும், காட்டு மரத்தை வெட்டி ஆணியில்லாமலே வீடு கட்டிக்கொள்ள அவர்களுக்குத் தெரியும். பின்னர் வந்த மற்றக் குடியேறிகளும் அதைக் கற்றுக்கொண்டார்கள். அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் 1809இல் பிறந்தது கென்டக்கி மாநிலத்தில் அப்படிப்பட்ட ஒரு முழுமரக் குடிசையில்தான்.

சரி, குளிர்நாட்டு மக்கள் ஏன் இந்த வீட்டை இவ்வளவு காலம் விடாமல் வைத்திருந்தார்கள்? மரம் எளிதாகக் கிடைத்தது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் அடுக்களையிலேயே இருக்கிறது. கொதிக்கும் குழம்பை இரும்புக் கரண்டியால் கிளறினால் சிறிது நேரத்தில் பிடி சுடும். மர அகப்பையால் கிளறினால் சுடாது. மரத்துக்குள் நுண்ணிய அறைகள் பல இருக்கின்றன. அவற்றில் காற்று அடைபட்டிருப்பதால் வெப்பம் விரைவாகக் கடந்து போக முடிவதில்லை. வீட்டுக்குள் மூட்டிய நெருப்பின் சூடு சுவர் வழியே ஓடிப்போகாமல் தங்குகிறது. மரங்களுக்கிடையே உள்ள சந்துகளில் பாசியைத் திணித்துக் குளிர்காற்றையும் தடுத்தார்கள்.

தடித்த மரத்துக்கு வேறொரு குணமும் உண்டு. பகலில் பட்ட வெயிலின் சூட்டை அது மெல்ல வாங்கிக்கொள்ளும், இரவில் மெல்ல வெளியே விடும். இதை அளந்து பார்க்கும் வேளையும் வந்தது. 1973இல் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டு விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கானது. வீட்டைச் சூடாக்க ஆகும் எரிபொருளை எப்படிக் குறைப்பது என்ற கவலை மேல்நாடுகளில் எழுந்தது. அமெரிக்க அரசின் தேசிய அளவைக் கழகம் மேரிலாந்து மாநிலத்தில் ஒரே அளவான ஆறு சிறு கட்டடங்களைக் கட்டியது. ஒவ்வொன்றும் 20 அடிக்கு 20 அடி. ஒன்றுக்கு 7 அங்குலத் தடிப்புள்ள முழுமரச் சுவர், மற்றவற்றுக்கு வேறு வேறு வகைச் சுவர்கள். 1981, 1982ஆம் ஆண்டுகளில் 28 வாரங்கள் அளந்து பார்த்தார்கள்.

வசந்த காலத்தில், வெப்பத் தடுப்புப் பஞ்சு அடைத்த மெல்லிய மரச்சட்டச் சுவர்க் கட்டடத்தைவிட, முழுமரக் கட்டடத்துக்குச் சூடேற்ற 46 விழுக்காடு குறைவான எரிசக்தியே போதுமாக இருந்தது. கோடையில் குளிரூட்ட ஆன செலவு 24 விழுக்காடு குறைந்தது. ஆனால் கடுங்குளிர் காலத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பகலும் இரவும் மாறி மாறிச் சூடும் குளிருமாக இருந்தால்தான் தடித்த மரம் வாங்கிக் கொடுக்கும் வேலையைச் செய்யும். இரவு பகல் எந்நேரமும் ஒரே குளிராக இருந்தால் அதற்கு அங்கே வேலை இல்லை.

எரிசக்திக் கணக்கு இதோடு முடிந்துவிடவில்லை. வீட்டில் குடியிருக்க ஆகும் செலவு வேறு, வீட்டுக்கு வேண்டிய பொருளைச் செய்ய ஆகும் செலவு வேறு. சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடவேண்டும். செங்கல்லைச் சூளையில் வேகவைக்கவேண்டும். மரத்தையோ வெயிலும் மழையுமே வளர்த்துத் தருகின்றன. வெட்டி, பட்டை உரித்து, காயவைத்தால் அது சுவருக்குத் தயார்.

காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் மரம் தன் உடலை வளர்க்கிறது. நன்கு உலர்ந்த ஒரு கிலோ மரத்தில் ஏறத்தாழ அரைக்கிலோ கரி இருக்கிறது. அதைச் சேர்க்க மரம் காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயு ஏறத்தாழ 1.8 கிலோ. மரத்தை எரித்தால் அந்த வாயு மறுபடியும் காற்றில் கலக்கும். சுவராக நிறுத்தினால், சுவர் நிற்கும் வரை அந்தக் கரி அங்கேயே பூட்டி வைக்கப்பட்டிருக்கும். உலகம் சூடேறிவரும் இந்தக் காலத்தில் இது சிறிய சேமிப்பல்ல. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வெட்டிய மரத்துக்குப் பதில் மரம் வளரவேண்டும், கட்டிய வீடும் நெடுங்காலம் நிற்கவேண்டும். காட்டை மொட்டையடித்துவிட்டு மரவீட்டைப் புகழ்வதில் பொருளில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நாமும் முழுமரங்களை அடுக்கிக்கொள்ளலாமா? வேண்டியதில்லை. நம் நாட்டில் இரவிலும் புழுக்கம்தான். இங்கே வேண்டியது சூட்டைப் பிடித்து வைக்கும் தடித்த சுவர் அல்ல, காற்று ஓடும் மெல்லிய சுவர். கம்பத்து மலாய் மக்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். தூண்களின்மேல் உயர்த்திய தரை, பலகைச் சுவர், பெரிய சன்னல், சரிந்த அத்தாப்புக் கூரை என்று இந்த மண்ணுக்கேற்ற மரவீட்டைக் கட்டினார்கள். கிளந்தானில் செங்கால் மரத்தால் ஆணியின்றிக் கட்டப்பட்ட பழைய கம்போங் லாவுட் பள்ளிவாசலை, வெள்ளத்துக்குப் பிறகு, 1968இல் பகுதி பகுதியாகப் பிரித்து நீலாம் பூரிக்குக் கொண்டுபோய் மறுபடியும் நிறுத்தினார்கள். கல் கட்டடத்தை அப்படிப் பிரித்து மாட்ட முடியுமா?

கடைசியாக நம் பால்மரத்தின் கதை. 25 அல்லது 30 ஆண்டுகள் நமக்குச் சோறு போட்ட மரத்தை மறுநடவின்போது சாய்த்தார்கள். சாய்த்த மரத்தை என்ன செய்தார்கள் என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அங்கேயே தீ வைத்தார்கள். நம் அடுப்புக்கும், ரப்பர் தகடுகளைப் புகைபோடும் கொட்டகைக்கும், செங்கல் சூளைக்கும் விறகாக்கினார்கள். 1967இல் பிறையில் இயங்கத் தொடங்கிய இரும்பாலையில்கூட பால்மரக் கரிதான் எரிபொருள். வெட்டிய சில நாள்களில் பூஞ்சணம் பிடித்து நீலம் பாய்ந்துவிடும், வண்டு துளைத்து மாவாக்கிவிடும், ஆகவே இது எதற்கும் உதவாத மரம் என்றார்கள்.

பின்னர், வெட்டியவுடன் அறுத்து, போரான் உப்புக் கரைசலை ஊட்டி, சூட்டறையில் உலர்த்தினால் அதே மரம் கெடாது என்று கண்டுகொண்டார்கள். 1980களிலிருந்து பால்மர மேசைகளும் நாற்காலிகளும் கப்பலேறி உலக நாடுகளுக்குப் போயின. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம் பால்மரத்துக்கும் பொருந்தும். மரம் மாறவில்லை, அதைப் பார்த்த பார்வைதான் மாறியது.

நேயர்களே, பழுதடைந்த பலகை வீட்டிலேயே தோட்டத்து மக்கள் கிடக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. ஒழுகும் கூரையும் கரையான் அரித்த தூணும் யாருக்கும் வேண்டாம். சொந்தமாக நல்ல வீடு வேண்டும் என்பது நம் மக்களின் நெடுநாள் ஆசை, நியாயமான ஆசை. ஆனால் வீடு கெடுவது அது மரம் என்பதனால் அல்ல, கவனிப்பார் இல்லாததனால். மரம் மண்ணைத் தொடாதபடி கல்லின்மேல் நிறுத்துங்கள். கூரைநீர் சுவரில் வழியாமல் பாருங்கள். ஈரம் தங்காமல் காற்றுப் போக வழி விடுங்கள். புது வீட்டுக்குப் போகும்போது பழைய வீட்டின் நல்ல பலகைகளைத் தீயிலிடாதீர்கள். கோழிக் கூண்டாகவோ, பிள்ளைகளின் புத்தக அலமாரியாகவோ அவை இன்னும் பல ஆண்டு உழைக்கும்.

பிஸ்குபின் கதையையும் கீஷித் தீவின் கதையையும் நான் வகுப்பில் சொன்னேன். அந்த மாணவி அடுத்த வாரம் தன் கட்டுரையைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். "என் வீடு பலகை வீடு. என் தாத்தா அதற்குச் சட்டம் அடித்தார்" என்று அது தொடங்கியது. முழு மதிப்பெண் கொடுத்தேன்.