உரிமை கோர ஆளில்லாத கோபுரம்

தமிழகத்தில் பௌத்தம் எப்படி அழிந்தது என்று கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. பக்தி இயக்கம் விரட்டியது என்பது ஒன்று. தானே தேய்ந்துபோனது என்பது மற்றொன்று. இரண்டும் செய்கிற காரியம் ஒன்றுதான்: நடந்ததைக் கைக்கெட்டாத தூரத்துக்குத் தள்ளிவிடுவது. திருமங்கையாழ்வார் நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைக் கொண்டுபோய்த் திருவரங்கத்து மதிலைக் கட்டினார் என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. பக்தர்கள் பெருமையாகவும் எதிராளிகள் கோபமாகவும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியாயிற்று. ஆனால் நாகப்பட்டினத்தில் கடைசியாக நின்ற பௌத்தக் கட்டடம் இடிபட்டது 1867-இல். மனுப்போட்டு, அனுமதி வாங்கி, முறைப்படி இடித்தார்கள். இந்தக் கதையைச் சொல்லத்தான் ஆளில்லை.

ஆரம்பத்திலிருந்து பார்ப்போம். ஸ்ரீவிஜயத்து அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு விகாரம் எடுத்தான். மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்தான். முதலாம் இராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், ஆனைமங்கலத்தை அதற்குப் பள்ளிச்சந்தமாக விட்டான். அவன் வாய்மொழியாகக் கொடுத்ததைச் செம்பில் நிலைக்கவைத்தவன் மகன் இராஜேந்திரன். அதே இராஜேந்திரன் 1025-இல் கப்பல் படையோடு போய் ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் சூறையாடினான். விகாரத்துக்கு விட்ட நிலம் அப்புறமும் நிலைத்தது. 1090-இல் முதலாம் குலோத்துங்கன் இன்னொரு சாசனம் கொடுக்கிறான். இதைச் 'சமயப் பொறை' என்று பாராட்டுவது நம் வரலாற்று நூல்களின் வழக்கம். பொறை என்கிற அறவியல் சொல், துறைமுகத்தையும் வணிகக் கணக்கையும் மறைத்துவிடுகிறது.

டச்சுக்காரர்கள் கொண்டுபோனதால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர்பெற்ற அந்தப் பெரிய சாசனத்தில் 21 ஏடுகள். ஐந்து வடமொழி, பதினாறு தமிழ். வடமொழிப் பகுதி, பொன்மலையையே சிறிதாக்கும் உயரம் என்று விகாரத்தைப் புகழ்கிறது. தமிழ்ப் பகுதிக்கு அந்த வேலை கிடையாது. பெண் யானையை நடக்கவிட்டு எல்லை குறித்தது, 97 வேலிக்கு மேற்பட்ட நிலம், 8943 கலத்துக்கு மேற்பட்ட நெல், வாய்க்கால், வரி என்று அது ஊரைப் பேசுகிறது. சரி, கட்டடம் எப்படி இருந்தது? எத்தனை நிலை, எந்தப் பக்கம் வாசல்? அதைப் பத்திச் செப்பேடு வாயே திறக்கலை. அதிகாரத்துக்கு வேண்டியது வருமானத்தின் எல்லை. சுவரின் அளவு அல்ல.

கட்டடத்தைப் பற்றிய சொற்கள் வெளியிலிருந்துதான் வருகின்றன. 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய சீனப் பயணி வாங் தாயுவான், இந்தக் கரையில் மண்ணும் செங்கல்லுமான உயர்ந்த கோபுரம் ஒன்றைக் குறிப்பிடுகிறார். 1267-இல் முடிந்ததாக அதில் சீன எழுத்து இருந்ததாம். ஊருக்கு வடக்கே பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்ற கோபுரம் அதுவா, பழைய விகாரத்தின் மிச்சமா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. 1846-இல் அதைப் பார்த்த வால்டர் எலியட்டின் வருணனை இருக்கிறது. நாற்கோண வடிவம், மூன்று நிலை. சாந்து இல்லாமல் நெருக்கி அடுக்கிய செங்கல். நிலைகளுக்கு நடுவே கபோதம் போன்ற பிதுக்கம். பக்கத்துக்கு ஒரு திறப்பு. மேல்தளம் இருந்த தடம் சுவரில் தெரிகிறது. உச்சி திறந்து கிடக்கிறது. மாடும் வண்டியும் உரசி அடி மூலைகள் தேய்ந்திருந்தாலும் கட்டடம் உறுதியாகவே இருந்தது.

இதற்கு என்ன பெயர்? சீனக் கோபுரம் என்றார்கள், சமணக் கோபுரம் என்றார்கள், புதுவெளிக் கோபுரம் என்றும் சொன்னார்கள். எலியட் 1878-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'சீன அல்லது சமண' என்றுதான் வருகிறது. பௌத்தம் என்ற ஒரு சொல்தான் இதில் இல்லை. பெயர் இல்லாத கட்டடத்துக்கு வாரிசு எப்படி இருக்க முடியும்? பக்கத்திலேயே நாகூர் தர்காவின் மினார்களும் கடலோடிகளுக்கு அடையாளம்தான். ஆனால் அங்கே நேர்ச்சை செய்ய ஜனம் வந்தது, கந்தூரி நடந்தது. இங்கே யார் வந்தா? கடலிலிருந்து பார்த்த மாலுமி மட்டும்தான்.

நாகப்பட்டினத்தில் கல்லூரி நடத்திவந்த ஏசு சபையார், அதை இடித்துச் செங்கல்லைத் தங்கள் கட்டடத்துக்கு எடுத்துக்கொள்ள 1859-இல் அனுமதி கேட்டார்கள். உடனே கிடைக்கவில்லை. 1867 ஆகஸ்டில் சென்னை அரசாங்கம் ஒப்புக்கொண்டது. கோபுரம் போனது. 1883-இல் கல்லூரியே திருச்சிக்குப் போய்விட்டது.

இதில் ஒரு முரண் உண்டு. 1856-இல் கோபுரத்துக்கு அருகே ஓர் இலுப்பை மரத்தை வெட்டியபோது, அடியில் பௌத்தப் படிமங்கள் அகப்பட்டன. அங்கே தொடங்கி 1930-கள் வரை நாகையில் கிடைத்தவை முந்நூறுக்கும் மேல். ஆக, அது என்ன என்பதற்கான சாட்சி இடிப்பதற்குப் பதினோரு வருஷம் முன்னாடியே மண்ணிலிருந்து எழுந்து வந்துவிட்டது. படிமங்களை அருங்காட்சியகங்கள் எடுத்துக்கொண்டன. எடுத்துப்போக முடியாததை இடித்துவிட்டார்கள்.

எனவே ஆழ்வார் மீதோ காலத்தின் மீதோ மட்டும் பாரத்தைப் போட்டுவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. இடித்ததற்குத் தேதி இருக்கிறது, கோப்பு இருக்கிறது. இல்லாமல் போனது, இது எங்களுடையது என்று சொல்லக்கூடிய ஒரு குரல். இன்றும் வயல்வரப்பில் ஊர்ப்பெயர் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் புத்தர்களுக்கு அந்தக் குரல் கிடைத்துவிட்டதா என்பதே மிஞ்சியிருக்கும் கேள்வி.