தமக்கையின் துணை



பகிடிவதை என்னும் சொல்லை இலங்கைத் தமிழர் நன்கு அறிவர். பகிடி என்பது விளையாட்டுப் பேச்சு. வதை என்பது துன்பம். இவ்விரண்டும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டிருப்பதிலே ஒரு பொருத்தம் உண்டு. துன்புறுத்துபவர் வெறும் பகிடிதானே என்று சொல்லித் தப்பிக்கொள்வர். துன்பப்படும் பிள்ளையோ இதனை யாரிடம் முறையிடுவது என்று வாய்மூடி இருந்துவிடும். பல்கலைக்கழகங்களில் நிகழ்வதைக் குறிப்பதற்கே இச்சொல்லைப் பெரிதும் வழங்குகிறோம். ஆயினும் பட்டப்பெயர் சூட்டுவதிலும், ஒரு சிறுமியைக் கூட்டத்திற் சேர்க்காது ஒதுக்கிவைப்பதிலும் இதே வதை பாடசாலையிலேயே தொடங்கிவிடுகிறது. பெண் பிள்ளைகளிடையே அது பெரும்பாலும் கையால் நடப்பதன்று. சொல்லாலும் மௌனத்தாலும் நடப்பது. ஆதலால் ஆசிரியர் கண்ணுக்கு எளிதில் அகப்படுவதில்லை.

இத்துன்பத்திலிருந்து பெண் பிள்ளைகளைக் காத்து, அவர்களுக்குத் தன்னம்பிக்கை ஊட்டும் வழி யாது? இணுவிலையும் அதன் அயலையும் சேர்ந்த கல்வி வரலாறு இவ்வினாவுக்குத் தக்கதொரு விடையைத் தருகின்றது.

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் கொக்குவிலைக் கடந்ததும் இணுவிலை அடைவர். அப்பால் மருதனார்மடம், அயலிலே உடுவில். நடந்தே செல்லத்தக்க தொலைவில் அமைந்த இவ்வூர்களில், நூறாண்டுக் காலத்துள், பெண் கல்வியின் மூன்று பெரிய முயற்சிகள் தோன்றின.

முதலாவது முயற்சி 1824ஆம் ஆண்டில் உடுவிலில் அமெரிக்க மிஷனார் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலை. தமிழ் அகராதியாற் புகழ்பெற்ற வின்ஸ்லோ பாதிரியாரின் மனைவி ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் அதனைத் தொடக்கி நடத்தினார். பெண் பிள்ளைக்கு ஏடும் எழுத்தாணியும் எதற்கு என்று கேட்ட காலம் அது. அன்று படிக்க வந்த சிறுமியை முதலில் ஏளனம் செய்தவர்கள் அவளுடைய தோழியர் அல்லர், ஊராரே. அவ்வேளை அவளுக்கு வேண்டியிருந்தது எழுத்தறிவு மட்டுமன்று. ஊர் நகைத்தாலும் நீ செய்வது சரி என்று பக்கத்தில் நின்று சொல்லும் ஒருவரின் துணை.

அத்துணையை நீண்ட காலம் அளித்தவர் எலைசா அக்னியூ என்னும் அம்மையார். 1840இல் அமெரிக்காவிலிருந்து வந்த அவர், உடுவிற் பாடசாலையின் பொறுப்பை ஏற்று 1879 வரை அதனை நடத்தினார். ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பாது, 1883இல் இம்மண்ணிலேயே காலமானார். மணம் செய்துகொள்ளாத அவரை ஆயிரம் பெண்மக்களின் தாய் என்று அழைத்தனர். தாய், மகள், பேர்த்தி என மூன்று தலைமுறையினர் அவரிடம் கற்றனர். படிப்பை முடித்து வீடு சென்ற பெண்களையும் அவர் மறக்கவில்லை. அவர்களின் இல்லங்களுக்குச் சென்று நலம் விசாரித்தார். தன்னை அறிந்த ஒருவர் எங்கோ இருக்கிறார் என்ற எண்ணமே ஒரு பெண்ணுக்குப் பெரும் பலமாகும்.

ஆயினும் அத்துணைக்கு ஒரு விலையும் இருந்தது. அக்காலத்தில் அப்பாடசாலையிற் கல்வியும் மதமாற்றமும் ஒன்றாகவே நடந்தன. தன் வீட்டுச் சமயத்தை விட்டு நீங்கினாலன்றி ஒரு சிறுமி முழு மதிப்புப் பெற இயலாது என்றால், அதுவும் ஒருவகை நெருக்குதலே. சைவப் பெற்றோர் இதனை உணர்ந்து வருந்தினர். அவ்வருத்தத்தின் விளைவே இரண்டாவது முயற்சி. 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் மருதனார்மடத்திற் சைவப் பெண்களுக்கென ஒரு விடுதிக் கல்லூரியை நிறுவினார். அவுஸ்திரேலியாவிற் பிறந்தவரும் அவருடைய துணைவியாருமான லீலாவதி அம்மையார் அதனைப் பேணி வளர்த்தார். அதன் முதல் தலைவி புளோறன்ஸ் பார் என்பவர். இலண்டன் நாடக மேடையிற் புகழ்பெற்ற நடிகையான அவர், தமது ஐம்பதாவது வயதைக் கடந்தபின் யாழ்ப்பாணம் வந்து பெண் பிள்ளைகளுக்குத் தொண்டாற்றி, 1917இற் கொழும்பிலே மறைந்தார். 1927ஆம் ஆண்டு நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள் இராமநாதன் கல்லூரி, உடுவிற் பாடசாலை ஆகிய இரண்டுக்கும் சென்று மாணவியரிடையே பேசினார்.

மூன்றாவது முயற்சி இணுவிலிலேயே நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென இங்கு மக்லியொட் ஆஸ்பத்திரி திறக்கப்பெற்றது. அங்கே பெண் வைத்தியர்களின் மேற்பார்வையில் நம் பெண்கள் தாதியராகப் பயிற்சி பெற்றனர். மூத்த தாதியின் பக்கத்தில் நின்று, அவள் கை செய்வதைப் பார்த்து, பின்னர் தன் கையால் அதனைச் செய்து பழகிய இளம் பெண்ணுக்குத் தன்னம்பிக்கை என்பது போதனையால் வந்ததன்று, பழக்கத்தால் வந்தது.

இம்மூன்றிலும் பொதுவாய் அமைந்தது ஒன்று. மூத்தவள் ஒருத்தி இளையவள் ஒருத்தியின் அருகே, நாட்கணக்கில் அன்றி ஆண்டுக்கணக்கில் நின்றாள். விடுதி வாழ்க்கையை அறிந்தோர் இதனை அறிவர். புதிதாய் வந்து அழும் பிள்ளைக்குத் தலை வாரிப் பின்னி விடுபவளும், பாடம் சொல்லிக் கொடுப்பவளும் மேல்வகுப்பு அக்காவே.

ஆனால், நேயர்களே, மூத்தவள் என்னும் நிலை இரு முகம் உடையது. காக்கும் கையே வதைக்கும் கையாகவும் மாறக்கூடும். 1975இற் பேராதனை வளாகத்தில், மூத்த மாணவியரின் பகிடிவதைக்கு அஞ்சிய ஒரு மாணவி விடுதி மாடியிலிருந்து குதித்து, நடக்கும் ஆற்றலை இழந்தார். அவ்விடுதியின் பெயர் இராமநாதன் மண்டபம். பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான விடுதி அமைத்த பெருமகனின் பெயரைத் தாங்கிய கட்டடத்திலேயே இது நிகழ்ந்தது. 1997இல் அதே பேராதனையில் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். மறு ஆண்டில், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. பகிடிவதை செய்வோருக்கு இரண்டாண்டு வரையும், பாலியற் தொல்லையோ கடுங்காயமோ விளைவிப்போருக்குப் பத்தாண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்க அது இடமளிக்கின்றது.

சட்டம் வேண்டியதே. ஆனாற் சட்டம் மாத்திரம் போதாது என்பதற்கு நம் ஊர்களே சான்று. யாழ்ப்பாணப் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருத்தப்பட்டனர். நாள்தோறும் வகுப்பறை நடுவே, ஆசிரியர் கண்முன்னே நிகழ்ந்த பெரும் அவமதிப்பு அது. 1929இல் அரசினர் சம ஆசனம் வழங்குமாறு பணித்தபோது, அதனைப் பொறாதார் சில பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். கட்டளை பிள்ளைக்கு வாங்கில் இடம் கொடுத்தது. அந்த வாங்கில் அஞ்சாது அமர்வதற்கோ, பக்கத்தில் இருந்த பிள்ளை நகர்ந்து இடம் விட வேண்டியிருந்தது. அந்த நகர்வைச் சட்டத்தால் ஆக்க முடியாது.

மூத்த மாணவியரைக் காப்பாளராக ஆக்குவது எங்ஙனம்? 1917இற் கண்டியிலே பெண்கள் உயர்தரப் பாடசாலையில் தொடங்கிய பெண் சாரணர் இயக்கம் ஒரு வழி காட்டியது. சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சற்று மூத்த ஒரு பெண்ணின் பொறுப்பில் விடுவது அதன் முறை. அவளுக்கு அதிகாரமும் உண்டு. அவ்வதிகாரத்துக்குக் கணக்கு ஒப்புவிக்கும் கடமையும் உண்டு. பின்லாந்து நாட்டின் துர்க்கு பல்கலைக்கழகத்தார் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கீவா என்னும் திட்டத்தை வகுத்தபோதும் இதனையொத்த உண்மையையே பற்றிக்கொண்டனர். துன்புறுத்துபவரைத் திருத்துவதோடு நில்லாமல், பார்த்துக்கொண்டு நிற்கும் மற்றப் பிள்ளைகளின் மனத்தை அவர்கள் மாற்ற முயன்றனர். வகுப்பில் மதிப்புப் பெற்ற சிலரை அழைத்து, துன்பப்படும் பிள்ளைக்குத் துணையாய் இருக்கும்படி வேண்டினர். நம் விடுதி அக்காமார் செய்துவந்ததும் இதனின் வேறன்று.

ஆதலாற் பாடசாலைகளில் நாம் செய்யத்தக்கது அரிய காரியமன்று. ஆறாம் வகுப்பிற் புதிதாய்ச் சேரும் ஒவ்வொரு சிறுமிக்கும் மேல்வகுப்பு மாணவி ஒருத்தியைப் பெயர் குறித்துத் துணையாக்கலாம். கிழமைக்கு ஒருமுறை இருவரும் அமர்ந்து பேச நேரசூசியில் இடம் ஒதுக்கலாம். அந்த அக்காவுக்கும் துணையாக ஓர் ஆசிரியை இருத்தல் வேண்டும். ஏனெனிற் கண்காணிப்பில்லாத அதிகாரமே பகிடிவதையின் விதை. இக்காலத்திற் கைத்தொலைபேசி வழியாக ஏளனம் வீட்டுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. பெற்றோர் காணாததையும் அக்கா கண்டுகொள்வாள். எல்லாவற்றுக்கும் மேலாக, சாதியும் சமயமும் வறுமையும் பாராது இத்துணை எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைத்தல் வேண்டும். முன்னையோர் முயற்சியிற் குறைபட்டு நின்றது இதுவே. அதனை நிறைவு செய்வது நம் கடன்.

தன்னம்பிக்கையை மேடையில் நின்று போதித்துப் பிள்ளைக்கு ஊட்டிவிட இயலாது. தன்னை ஒருத்தி நம்புகிறாள் என்று கண்ட பிள்ளையே தன்னைத் தான் நம்பத் தொடங்குகிறது. வளர்ந்து மூத்தவளாகும்போது, தான் பெற்றதையே அவள் தன் இளையவளுக்குக் கொடுப்பாள். அவள் பெற்றது வதையா துணையா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு நம்முடையது.